போனக்காட்டுக்குப் போக வேண்டிய ஜீப்

ஜீப் சர்வீஸ் சென்டரில் வேலை பார்ப்பவனுக்கு, மலை ஏறிய வண்டிகளைவிட மலை ஏறாத வண்டிகளைத்தான் அதிகம் தெரியும்.

நான் இருப்பது திருவனந்தபுரத்தில், பாப்பனம்கோடு பக்கம். கம்பெனி பெயர் வேண்டாம். காடு, மேடு, ஆறு எல்லாவற்றையும் தாண்டிப் போவதாக விளம்பரத்தில் காட்டுகிறார்களே, அந்த வண்டிகளுக்கு மட்டுமான இடம். வாசலில் வண்டி வந்து நின்றதும் ஓடிப்போய் என்ன தொந்தரவு என்று கேட்டுக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் நான். நீங்களும் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று, அடுத்தவர் குறையைத் தலையாட்டிக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவராக இருந்தால் என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே தெரியும். எங்கள் வீட்டில் கதை நடக்கும்போது "ம்" கொட்ட ஓர் ஆள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தாத்தா ராஜகுமாரனைக் குதிரையிலேயே உட்கார வைத்துவிட்டு வெற்றிலையை எடுத்துவிடுவார். எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. இருந்தாலும் நீங்கள் கொஞ்சம் "ம்" கொட்டிக்கொண்டே வாருங்கள்.

கழுவ வேண்டாம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை. கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கும் ஒருவர் வண்டியைச் சர்வீசுக்குக் கொண்டுவந்தார். முன்னால் இழுவைக் கம்பி, மேலே விளக்கு வரிசை, பக்கத்தில் தண்ணீருக்குள் போனாலும் மூச்சு விடுவதற்கான குழாய். கதவு வரைக்கும் செம்மண் சேறு. எனக்கு ஒரே மரியாதையாகப் போய்விட்டது. எந்தக் காட்டுக்குள் போனீர்கள் சார் என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் முன்சீட்டில் இருந்த அவர் மனைவி முந்திக்கொண்டார். கல்லாற்றுக்குப் போய், பிள்ளைகளைக் குளிக்க வைத்து, கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்களாம். சேறு, அந்த டீக்கடை முற்றத்தில் வண்டியைத் திருப்பும்போது ஒட்டியதாம்.

சர்வீஸ் என்றால் வாட்டர் வாஷும் சேர்த்துத்தான், மாலையில் பளபளவென்று எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. என்னை வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். என் குரல் எப்போதும் தாழ்ந்துதான் இருக்கும். அவர் அதைவிடத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"உள்ள நல்லா கிளீன் பண்ணிக்கோங்க தம்பி. வெளியில மட்டும் திங்கட்கிழமை ஆபீஸ் பார்க்கிங்குக்குப் போற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்."

சுவரில் தொங்கும் முன்னோர்கள்

எங்கள் கூரைக்குக் கீழேயே ஷோரூமும் இருக்கிறது. அதன் சுவரில் இந்த வண்டியின் வம்சம் முழுக்கப் படமாகத் தொங்கும். முதல் படத்தில் போர்க்களம், கூரை இல்லாத ஜீப், தலைக்கவசம் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள். சண்டைக்காகப் பிறந்தது, சண்டை முடிந்ததும் பிழைப்புக்கு வழி தேடி ஊர் ஊராகக் கிளம்பியது. நம் நாட்டுக்கு மரப்பெட்டிகளில் துண்டு துண்டாகக் கப்பலில் வந்து, பம்பாயில் ஒன்றாகப் பூட்டப்பட்டது. பிறகு இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். போலீஸ் ஜீப், தேர்தல் மைக் கட்டிய ஜீப், எஸ்டேட் ஜீப் என்று அடுத்தடுத்த படங்கள். கடைசியில் ஏசியும் டச் ஸ்கிரீனும் வைத்த புதுப் பேரன். முகவெட்டு மட்டும் மாறவில்லை, அதே நிமிர்ந்த நெற்றி, அதே இரண்டு உருண்டைக் கண்.

ஒருநாள் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் முருகேசன், மஸ்கட்டில் கட்டட சூப்பர்வைசர், லீவில் வந்தவர். அவர் மனைவி செல்வி நாகர்கோவில்காரர், சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வீடு கரமனையில். வருகிறவர்கள் எல்லோரும் விலையைக் கேட்பார்கள், அல்லது மைலேஜ் கேட்பார்கள். இவர் நேராக எஸ்டேட் ஜீப் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

அவர் விதுராவுக்கு மேலே மலையில் இருக்கும் போனக்காட்டில் தேயிலைத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜீப் என்றால் முதலில் சத்தம்தானாம். கீழே எத்தனையாவது வளைவில் திணறுகிறது, உள்ளே மேனேஜரா டாக்டரா என்பதைக்கூடச் சத்தத்திலேயே பந்தயம் கட்டிச் சொல்வார்களாம். அவர்கள் ஏறியதில்லை, ஓரமாக ஒதுங்கி நின்றதுதான். எஸ்டேட் படுத்ததும் குடும்பம் மலையை விட்டு இறங்கிவிட்டது, நடந்தேதான். ஒருமுறை தன் சொந்த ஜீப்பைத் தானே ஓட்டி, பக்கத்தில் செல்வியை உட்கார வைத்து, அதே ரோட்டில் மேலே போய் லயத்து வாசலில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. வேறெதற்கும் இந்த வண்டி அவருக்குத் தேவையில்லை.

விற்பனைப் பையன் அது தெரியாமல் கிளட்ச், நாலு சக்கர இழுவை, குறைந்த கியர் என்று மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே போனான். செல்வி அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இவருக்கு நீங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டாம் தம்பி. கல்யாணம் ஆன நாள்லேருந்து தூக்கத்துல இந்த வண்டியத்தான் ஓட்டுதாரு. கிளட்ச் மிதிக்கிறதெல்லாம் என் கால்லதான்."

தேங்காய் உடைத்த தூரம்

இந்த வண்டியை ஆசைப்பட்டவர்களுக்குத் தெரியும், புக் பண்ணிய கையோடு கிடைத்துவிடாது. நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். முருகேசன் அண்ணன் புக் பண்ணிவிட்டு மஸ்கட்டுக்குப் போய், வண்டி வருகிற மாதம் பார்த்து மறுபடி லீவு போட்டு வந்தார். அவர் வந்தபிறகும் வண்டி வரவில்லை. இன்று, நாளை என்று நாங்கள் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது.

அன்றைக்குப் பார்க்க வேண்டும் அவரை. மாலை போட்டு, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, நேரே பழவங்காடிப் பிள்ளையாரிடம் போய்த் தேங்காய் உடைத்தார்கள். அங்கிருந்து கரமனை வீடு. அவர் சொந்த ஜீப்பைச் சொந்தமாக ஓட்டிய தூரம் அவ்வளவுதான். மறுநாள் காலை விமான நிலையத்துக்குப் போவதற்கு முன்னால் செல்வி அக்காவோடு ஆட்டோவில் எங்களிடம் வந்து இறங்கினார். செல்வி அக்கா லைசென்ஸ் வைத்திருக்கிறாரே, ஓட்டிப் பழகட்டுமே என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"எங்கயும் கொண்டுபோக வேண்டாம் தம்பி. முதல் மலை நான் வந்து ஏத்துறேன். அதுவரைக்கும் பேட்டரி செத்துப்போகாம இவ தினம் ஸ்டார்ட் பண்ணினா போதும், கேட்டியா?"

காலைக் கச்சேரி

முதல் சர்வீசுக்கு வண்டியை எடுத்துவர நானே கரமனைக்குப் போனேன். காலை நேரம். செல்வி அக்கா கடைக்குக் கிளம்பத் தயாராக, சேலையில் கடைப் பெயர் போட்ட அட்டையைக் குத்தியபடி போர்ட்டிகோவில் நின்றார். பானெட்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார். திரையில் முருகேசன் அண்ணன், சைட்டுக்குப் போகும் பஸ்ஸில். அக்கா சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து நிமிடம் அப்படியே. நடுவில் பேச்சு கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். அதில் ஒரு பெரியவர் எனக்குக் கையாட்டினார், நானும் ஆட்டினேன். பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மாள் ஜன்னலை அறைந்து சாத்தினார். தினமும் சாத்துவாராம். பத்து நிமிடம் ஆனதும் அக்கா எஞ்சினை நிறுத்தி, அந்தத் துண்டாலேயே பானெட்டைத் துடைத்து, உறை போட்டு மூடிவிட்டு பஸ் பிடிக்க ஓடினார்.

சென்டரில் எங்கள் ஃபோர்மேன் ஷாஜி சேட்டன், வண்டி ஓடிய தூரத்தை மீட்டரில் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பழவங்காடி, கரமனை, பாப்பனம்கோடு, அதற்கு மேல் ஒரு பொட்டு இல்லை. தமிழும் மலையாளமும் கலந்து அவர் பேசுவது எனக்குப் பழகிவிட்டது.

"எடா, மத்த வண்டியெல்லாம் ஓடிட்டு சர்வீசுக்கு வரும். இது சர்வீசுக்கு வர்றதுக்கு மாத்திரம் ஓடுது, அல்லே?"

மஞ்சள் விளக்கு

சில மாதங்கள் போயின. ஒரு காலையில் செல்வி அக்கா போன் பண்ணினார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறதாம், அணைய மாட்டேன் என்கிறதாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. போய் அக்காவோடு வண்டியைச் சென்டருக்கு எடுத்துவந்தேன்.

இந்தக் காலத்து டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி உண்டு. வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடினால் உள்ளே சூடேறி அந்தக் கரி தானாக எரிந்துபோகும். ஓடாமல் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வந்தால், சூடும் ஏறாது, கரியும் போகாது. அடைத்துக்கொள்ளும். அதாவது சும்மா விட்டிருந்தால் பேட்டரி மட்டும்தான் போயிருக்கும். தினமும் தவறாமல் பார்த்துக்கொண்டதுதான் வண்டியின் மூச்சை அடைத்தது.

ஷாஜி சேட்டன் மெஷினை மாட்டி, நின்ற இடத்திலேயே எஞ்சினை விரட்டிக் கரியை எரித்தார். விளக்கு அணைந்தது. இனிமேல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் வேகமாக ஓட்ட வேண்டும், காலையில் சும்மா ஸ்டார்ட் பண்ணவே கூடாது என்று மஸ்கட்டுக்கும் சேர்த்துப் போனில் விளக்கினேன். முருகேசன் அண்ணன் அடுத்த மாதம் லீவு, வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். போனை வைத்தபிறகு அக்கா வண்டியின் கதவைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"எழுந்ததும் மொத வேலையா இதத்தானே தம்பி பாத்தேன். பாத்ததுதான் தப்பா?"

வராத லீவு

அடுத்த மாதம் அவர் வரவில்லை. கட்டடத்தை ஒப்படைக்கும் நேரம், மாற்று ஆள் இல்லை என்றார்களாம். அதற்கடுத்த முறை டிக்கெட்டே எடுத்துவிட்டார். சாமான் கட்டும்போது மேலிடத்தில் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றார்களாம். அக்காவும் இரண்டு முறையும் போர்ட்டிகோவைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார். ஜவுளிக்கடையில் லீவு சொன்னவர் மறுநாளே வேலைக்குப் போய் நின்றால் கூட இருப்பவர்கள் என்ன கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

காலைக் கச்சேரி நின்றிருக்க வேண்டும், இல்லையா? நிற்கவில்லை. பத்து நிமிடத்தை ஐந்தாகக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மறுபடி மஞ்சள் விளக்கு. இந்த முறை வண்டி இழுக்கவும் இல்லை. நான் ஓட்டிவரும்போது கரமனைப் பாலத்தில் சைக்கிள்காரர் என்னை முந்திப்போனார். ஷாஜி சேட்டன் எப்படியோ சரி பண்ணிவிட்டு, இனி ஒருமுறை இப்படி வந்தால் வடிகட்டியையே கழற்றிப் போட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

நான் மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். வண்டியை ஓட்டியே ஆக வேண்டும் அண்ணா, வேறு வழியில்லை என்றேன். அவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, போனைக் கொஞ்சம் சைலன்சர் பக்கம் பிடிக்கச் சொன்னார். குனிந்து பிடித்தேன். இடுப்பு வலிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் சொன்னார்:

"செரி தம்பி, செல்விகிட்ட சாவியக் குடு. பைபாஸ்ல ஓட்டட்டும். மலைக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லு."

விழிஞ்ஞம் வரை

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைபாஸ். ஸ்டியரிங்கில் செல்வி அக்கா, பக்கத்தில் நான், டேஷ்போர்டில் ஒட்டவைத்த போனில் முருகேசன் அண்ணன். அக்கா டிரைவிங் ஸ்கூலின் சின்னக் காரில் கற்றவர். இந்த உயரத்தில் உட்கார்ந்ததும் கீழே போகிற ஸ்கூட்டர்காரர்களைப் பார்த்துப் பயந்துவிட்டார். அண்ணன் கிளட்சை விடு, கியரை மாற்று, கண்ணாடியைப் பார் என்று அங்கிருந்தே ஓட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அக்கா, வண்டியை இப்போது யார் ஓட்டுவது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கப்புறம் அண்ணன் அங்கிருந்து ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

கியரைக் கூட்டாமல், எஞ்சின் இரைச்சலோடு ஓட்டச் சொன்னேன். கோவளம் திருப்பம் தாண்டியது. தூரத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்தின் கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அதற்குப் பின்னால் கடல். அந்தக் கடலுக்கு அக்கரையில்தான் மஸ்கட் என்று அக்கா சொன்னார். திசை சரியா என்று எனக்குத் தெரியாது. நான் "ம்" கொட்டினேன். அந்தச் சமயத்தில்தான் மஞ்சள் விளக்கு அணைந்தது. ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அக்கா இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"விளக்கு அணைஞ்சிட்டு. ஸ்டியரிங்க விடத்தான் மனசு வரல. இன்னொரு தடவ போயிட்டு வருவமா தம்பி?"

சிக்னல் நின்ற வளைவு

அதன்பிறகு ஞாயிறுதோறும் அக்கா தனியாகவே போய்வந்தார். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியிருக்க, முருகேசன் அண்ணனை வேறொரு சைட்டுக்கு மாற்றினார்கள். லீவு எப்போது என்று கேட்கவே முடியாத நிலை. ஒருநாள் அவரே அக்காவிடம் சொல்லிவிட்டார், இனி வண்டியைக் காக்க வைக்க வேண்டாம், நீயே மேலே போய்ப் பார்த்துவிட்டு வா, நான் போனில் கூடவே வருகிறேன் என்று. அக்கா துணைக்கு என்னையும் ஷாஜி சேட்டனையும் கூப்பிட்டார்.

நெடுமங்காடு, விதுரா தாண்டி, போனக்காட்டு ரோட்டுக்குப் பிரிந்து, வனத்துறை செக்போஸ்டில் பெயர் கொடுத்துவிட்டு ஏறினோம். ரோடு என்று சொல்வது மரியாதைக்கு. கல்லும் பள்ளமும். நாலு சக்கர இழுவை லீவரைப் போடச் சொன்னார் ஷாஜி சேட்டன். பிறந்ததிலிருந்து அசையாத லீவர் அது. அக்கா இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, பிறகு வேறு ஒரு ஜென்மம் எடுத்ததுபோல ஏறியது.

போனில் முருகேசன் அண்ணன் பேசிக்கொண்டே வந்தார். இப்போது இடது பக்கம் ஒரு பாறை வரும் என்றார், வந்தது. அடுத்து ஓர் ஓடை என்றார், அதுவும் வந்தது. ஒரு மாமரம் என்றார், அது இல்லை. இல்லை என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஒரு வளைவில் அவர் வாய் திறந்தபடி படம் அப்படியே நின்றது. பிறகு போனதே போனது.

அக்கா நிறுத்தினார். கொஞ்சம் பின்னால் எடுத்தார். அண்ணன் திரும்ப வந்தார். முன்னால் போனார்; அண்ணன் போய்விட்டார். மறுபடியும் அதேபோல. இங்கிருந்து கொஞ்ச தூரம்தான், சிக்னல் போனாலென்ன, மேலே போய்ப் போட்டோ எடுத்துக் காட்டலாமே என்றார் ஷாஜி சேட்டன். அக்கா கண்ணாடி வழியாக மேலே போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பனி கொஞ்சம் விலகி, தேயிலைச் சரிவு ஒரு துண்டு தெரிந்தது. பிறகு வண்டியைச் சிக்னல் இருக்கிற இடம்வரை பின்னுக்கு எடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்தார். திரையில் அண்ணன், வந்துவிட்டாயா, லயம் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இல்லீங்க. இதுக்கு மேல உங்களால வர முடியல, அதனால நானும் போகல. மிச்சத்த நீங்க வந்து ஓட்டுங்க."

ஆகவே, யாருக்காவது காத்திருக்கும் டீசல் வண்டி உரிமையாளர்கள் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது பைபாஸில் கொஞ்சம் விரட்டி ஓட்டிவிட்டு வந்து காத்திருக்கும்படி, ஒரு சர்வீஸ் அட்வைசர் என்ற முறையில் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.